பொந்து இல்லாத மரம்

தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் பாதுகாப்பு நாள் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று உங்கள் சூப்பர்வைசர் மூன்று முறை போன் பண்ணிவிட்டார். மின்கம்பித் தடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் மரம் வெட்டியவர், மண்டோராக ஆட்களைக் கட்டி மேய்த்தவர், அனுபவத்தைச் சொல்லுங்கள் அங்கிள் என்கிறார். ஹெல்மெட் எப்படிப் போடுவது, செயின்சாவை எப்படிப் பிடிப்பது என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அதைப் பயிற்சியிலேயே உங்கள் மண்டையில் ஏற்றியிருப்பார்கள். நானும் எழுதினால் கொட்டாவிதான் விடுவீர்கள்.

இதை எழுத நல்ல இடம் பார்த்தும் உட்காரவில்லை. ஈப்போவில், பதிவிலாகா இருக்கிற கட்டடத்துக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடை. மூன்றாவது தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய்க் கட்டடத்து வாசலை எட்டிப் பார்க்கிறேன், திரும்ப வந்து உட்காருகிறேன். இந்தக் கிழவனுக்கு என்ன வந்தது என்று கடைக்காரப் பெண் பார்க்கிறாள். உள்ளே லெட்சுமணன் இருக்கிறான். அறுபத்திரண்டு வயதில் குடியுரிமை நேர்காணலுக்கு வந்திருக்கிறான். இரண்டு மணிக்குக் கூப்பிட்டார்கள். இப்போது மூன்று ஆகப் போகிறது.

லெட்சுமணனை உங்களில் யாருக்கும் தெரியாது. என் கூட்டத்தில் மரம் ஏறினவன் அவன்தான். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தான். பிறந்ததை அப்பா போய்ப் பதியவில்லை. பதிய நினைத்தபோது அப்பா உயிரோடு இல்லை. அதனால் அவன் கையில் இருப்பது சிவப்பு ஐசி, சிவப்பு அடையாள அட்டை, அதாவது இந்த நாட்டில் தங்கலாம், ஆனால் இந்த நாட்டுக்காரன் இல்லை. மனைவிக்கு நீலம், பிள்ளைகள் மூன்று பேருக்கும் நீலம், இவனுக்கு மட்டும் சிவப்பு. தேர்தல் நாளில் குடும்பத்தைப் பள்ளிக்கூடத்து வாசலில் இறக்கிவிட்டு, அவர்கள் விரலில் மையோடு வரும்வரை வெளியே மோட்டார் சைக்கிள் மேல் உட்கார்ந்திருப்பான். சுதந்திர தின மாசமான ஆகஸ்டு பிறந்தால் எங்கள் கூட்டத்தில் முதலில் கொடி கட்டுகிற மோட்டார் சைக்கிளும் அவனுடையதுதான். மற்றவர்கள் கிண்டல் பண்ணுவார்கள். அவன் சிரித்துக்கொண்டே கொடிக்கம்பை இன்னும் இறுக்கிக் கட்டுவான்.

என் சட்டைப் பையில் ஒரு காகிதம் மடித்து வைத்திருக்கிறேன். போன வாரம் சத்தியப் பிரமாண ஆணையரிடம் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கியது. லெட்சுமணனுக்குத் தெரியாது. அது என்ன காகிதம் என்பது உங்களுக்குப் புரிய வேண்டுமானால், நான் செய்த ஒரு காரியத்தை முதலில் சொல்ல வேண்டும்.

இருபது வருஷத்துக்கு முந்திய கதை. சுங்கை சிப்புட்டுக்கு மேலே, மலைக்காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு தோட்டம். ரப்பர்ப் பால்மரங்களை அழித்துவிட்டு எண்ணெய்ச் செம்பனை போட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவில் மின்கம்பித் தடம் போகிறது. தடத்தின் ஓரத்தில் பெரிய மெராந்தி மரம் ஒன்று. கிளைகள் கம்பியை நெருங்கிவிட்டன, வெட்ட வேண்டும். நம் வேலையில் கரண்டை நிறுத்திக் கொடுக்கும் நேரம்தான் கடவுள் என்பது உங்களுக்கே தெரியும். ஒன்பது மணிக்கு நிறுத்துவார்கள், பன்னிரண்டுக்குத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். தவறவிட்டால் மறுபடி தேதி கிடைக்க மாசமாகும்.

கயிறு கட்டுவதற்காக முதல் நாளே லெட்சுமணன் ஏறி இறங்கியிருந்தான். காலையில் நாங்கள் மரத்தடியில் கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் நறுக்கி வைத்தோம். காட்டோரம் எந்த மரத்தைத் தொட்டாலும் அது எங்கள் வழக்கம். கும்பிட்டு முடித்ததும் அவன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அண்ணே, நேத்து ஒரு பெரிய பறவை இந்த மரத்தையே சுத்திக்கிட்டு இருந்துச்சு. வாயில பழத்தோட வருது, போவும்போது வெறும் வாயோட போவுது. ஒரு நாள் பாத்துட்டு வெட்டலாம் லா."

என்ன பறவை என்று கேட்டேன். மூக்குக்கு மேல் இன்னொரு மூக்கு இருக்கிற கறுப்புப் பறவை என்றான். இருவாய்ச்சி. மலாய்க்காரர்கள் எங்காங் என்பார்கள். நம் நாட்டின் தேசியப் பறவை என்று பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் நானே பார்த்திருக்கிறேன். காடு குறையக் குறைய அதுவும் குறைந்துகொண்டே வருகிறது என்றும் போட்டிருந்தது.

நான் மரத்தைச் சுற்றி வந்தேன். பாராங் கத்தியின் முதுகால் அடிமரத்தைத் தட்டினேன். கெட்டியான சத்தம். தலையை அண்ணாந்து நாலு பக்கமும் பார்த்தேன். ஓட்டை எதுவும் தெரியவில்லை. கூடு இருந்தால் பொந்து இருக்க வேண்டும், பொந்து இருந்தால் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது என் கணக்கு. இத்தனை வருஷம் மரம் வெட்டுகிறோம், நமக்குத் தெரியாத மரமா என்கிற திமிர். பொந்து இல்லை, ஏறு என்றேன். அவன் ஒரு நிமிஷம் நின்றான். மணி ஒன்பதே கால். நான் கத்தினேன். அவன் ஏறினான்.

மரம் சாயும்போது தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது, பழைய பால் லோரி மேடு ஏறுகிற மாதிரி. அந்தப் பறவையின் இறக்கைச் சத்தம் அது. மரம் விழுந்து அடிமரம் பிளந்தபோதுதான் பார்த்தோம். மேலே, ஆள் கண்ணுக்கு எட்டாத உயரத்தில் ஒரு பொந்து இருந்திருக்கிறது. அதன் வாயை மண்ணும் எச்சமும் குழைத்துப் பூசி அடைத்திருந்தது. கத்தி நுழைகிற அளவு ஒரு கீறல் மட்டும் மிச்சம். முட்டையிடும் பெண் பறவை உள்ளே போய் உட்கார்ந்து தன்னைத்தானே அடைத்துக்கொள்ளுமாம். இறக்கைச் சிறகெல்லாம் உதிர்ந்துபோய்ப் பறக்க முடியாமல் மாசக்கணக்கில் உள்ளேயே கிடக்குமாம். ஆண் பறவை பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. கீழிருந்து பார்த்த எனக்கு அந்தப் பூச்சு மரப்பட்டை மாதிரியே இருந்தது. லெட்சுமணன் ஏறியது மரத்தின் மறுபக்கம்.

உள்ளே குஞ்சு செத்துக் கிடந்தது. மயிர் முளைக்காத குஞ்சு. தாய்க்குக் கொஞ்ச நேரம் உயிர் இருந்தது. லெட்சுமணன் அதைக் கையில் வாங்கினான். அவன் கையிலேயே அது அடங்கியது. ஆண் பறவை பக்கத்து மரத்தில் வந்து உட்கார்ந்தது. அதன் வாயில் பழம் அப்படியே இருந்தது. நான் அதைப் பார்க்க முடியாமல் லோரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

இதுவரை நடந்தது தெரியாமல் செய்த தப்பு. இதை மட்டும் எழுதி, கவனமாக இருங்கள் என்று முடித்திருந்தால் உங்கள் மலருக்குப் பொருத்தமாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நடந்ததை நான் தெரிந்தே செய்தேன்.

தோட்டத்தில் யாரோ தகவல் சொல்லிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் வனவிலங்கு இலாகா அதிகாரி வந்துவிட்டார். பறவையை எடுத்து வைத்தார், படம் பிடித்தார், அச்சடித்த பாரத்தாளை விரித்தார். மரத்தை வெட்டியது யார் என்று கேட்டார். நான் லெட்சுமணனைக் காட்டினேன். வெட்டுவதற்கு முன் பறவை ஏதாவது நடமாடியதா, யாராவது பார்த்தார்களா என்று கேட்டார். நான் மண்டோர் ஆகி அப்போது நாலு மாசம்தான். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மூத்த மகள் படிவம் ஐந்து, பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சைக்குப் படிக்கிறாள்.

"இல்லீங்க. ஏறினவன் எதுவும் சொல்லல" என்றேன் மலாயில்.

லெட்சுமணன் என் பக்கத்தில்தான் நின்றான். அவன் சட்டையெல்லாம் அந்தப் பறவையின் ரத்தம். என்னை ஒரு தடவை பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அதிகாரி ஐசி கேட்டார். சிவப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எண்ணை எழுதிக்கொண்டார். சிவப்பு அட்டைக்காரன் அதிகாரி முன்னால் மண்டோரை எதிர்த்துப் பேசமாட்டான் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

அவன் பெயரில் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றரை வருஷம் கழித்து, அவன் குடியுரிமைக்குப் போட்டிருந்த மனுவுக்குப் பதில் வந்தது. கிடைக்கவில்லை. அந்தக் கடிதத்தை வேலைக்குக் கொண்டுவந்து லோரிக்குள் வைத்து என்னிடம்தான் முதலில் காட்டினான்.

"காரணம் ஒன்னும் போடல அண்ணே."

நான் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். காரணம் இல்லை. வேறு ஏதாவது தாள் குறைந்திருக்கலாம், அப்பாவின் பிறப்பு விவரமாக இருக்கலாம், நூறு காரணம் இருக்கலாம். என் ஒரு வரியாகவும் இருக்கலாம். மறுபடியும் போடு லா என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டேன். அன்றைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ஐந்து வெள்ளி நோட்டு புதுசாக வந்தது. பின்பக்கம் திருப்பினால் இருவாய்ச்சி. ஊரெல்லாம் அழகாக இருக்கிறது என்றார்கள். எனக்குக் கடைக்குப் போனாலே பிரச்சினை. பர்ஸைத் திறந்தால் அது என்னைப் பார்க்கும். நோட்டை எப்போதும் பறவை உள்பக்கமாக வரும்படி மடித்துக் கொடுப்பேன். என் மனைவிகூட, இது என்ன பழக்கம் என்று கேட்டிருக்கிறாள். லெட்சுமணன் என்ன செய்தான் தெரியுமா? ஒரு நோட்டை மடித்துத் தன் சிவப்பு ஐசி இருக்கிற பிளாஸ்டிக் உறைக்குள் செருகி வைத்துக்கொண்டான். எதற்கு என்று கேட்டேன். ரெண்டு பேரும் இந்த ஊர்ல பொறந்தவங்கதான அண்ணே, ஒன்னா இருக்கட்டும் என்றான்.

இப்போதுதான் மறுபடி வாசலுக்குப் போய்விட்டு வந்தேன். மூன்றே கால். அவனைக் காணோம். இவ்வளவு நேரம் என்னதான் கேட்கிறார்கள்? காகிதம் பைக்குள் பத்திரமாக இருக்கிறது. அதில் நான் எழுதியிருப்பது இதுதான்: பறவை நடமாடுகிறது என்று லெட்சுமணன் என்னிடம் சொன்னான், வெட்டச் சொன்னது நான், அதிகாரியிடம் பொய் சொன்னதும் நான். நேர்காணலில் அந்தப் பழைய விஷயத்தைக் கிளறினால் உள்ளே போய் இதைக் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறேன். கிளறாவிட்டால் பைக்குள்ளேயே இருக்கட்டும் என்றும் முடிவு செய்திருக்கிறேன். என் யோக்கியதை அவ்வளவுதான். மறைக்காமல் சொல்கிறேன்.

சரி, இரண்டாவது மரத்துக்கு வருகிறேன். இது நடந்து எட்டு வருஷம் ஆகிறது. அதே மலையடிவாரம், அங்கிருந்து சில மைல் தள்ளி. முதல் நாள் அடித்த புயலில் ஒரு பெரிய மரத்தின் வேர் ஒரு பக்கம் கிளம்பிவிட்டது. மரம் கம்பிப் பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. விழுந்தால் பாதி ஊருக்குக் கரண்டு போய்விடும். அவசரமாகக் கரண்டை நிறுத்திக் கொடுத்தார்கள், ஒன்பதிலிருந்து ஒன்று வரை. என்ஜினியர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனில்.

முதல் மரத்துக்குப் பிறகு நான் மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்க்கப் பழகியிருந்தேன். கூடு இருக்கிற மரத்தடியில் காட்டுப் பழக்கொட்டைகள் குவிந்து கிடக்கும், சில கொட்டை முளைத்துக்கூட இருக்கும். மேலிருந்து துப்பியது. நீங்களும் அதைப் பாருங்கள். பொந்து மறைந்திருக்கும், கொட்டை மறையாது. ஆனால் அன்றைக்குப் புயல் தழையெல்லாம் உதிர்த்துத் தரையை மூடியிருந்தது. காலால் தள்ளித் தள்ளிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. ஏறு என்றேன்.

லெட்சுமணனுக்கு அப்போது ஐம்பத்து நாலு வயது. அதே வருஷம் மறுபடியும் மனுப் போட்டிருந்தான். பாதி மரம் ஏறியவன் நின்றுவிட்டான். செயின்சா இடுப்பில் தொங்குகிறது. வாக்கிடாக்கியில் அவன் குரல் ரொம்ப மெதுவாக வந்தது.

"அண்ணே, பூச்சு இருக்கு. கீறல்ல மூக்கு நுனி தெரியுது. என்னையத்தான் பாக்குது."

நான் வாக்கிடாக்கியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தேன். அவன் கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. மரத்தைக் கட்டிப் பிடித்தபடி அப்படியே இருந்தான். நான் சொன்னால் வெட்டுவான், அது எனக்குத் தெரியும். முதல் தடவை வெட்டினவன்தானே. வெட்டிய பிறகு இன்னோர் அதிகாரி வருவார், இன்னொரு பாரம், அதே சிவப்பு அட்டை எண். இந்தத் தடவை எச்சரிக்கையோடு விடமாட்டார்கள். அவன் மனு அதோடு குப்பைக்குப் போகும்.

அந்த நேரத்தில் போன் அடித்தது. என்ஜினியர். விஷயத்தைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் பாதி ஊர் அவர் தலையில் இருக்கிறது. மரம் கம்பியில் விழுந்தால் பொறுப்பு யார் என்று கேட்டார். பொறுப்பு நான் என்று என் வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் யோசித்தேன், எப்படி என்று.

கம்பிப் பக்கத்துக் கிளைகளை மட்டும் கழிக்கச் சொன்னேன், பொந்துக்கு மேலே இருப்பதைக் கைவாளால். செயின்சாவை அந்த உயரத்தில் எடுக்கவே கூடாது என்றேன். இரண்டு கம்பிக் கயிறு போட்டு, காட்டுப் பக்கத்தில் இருந்த இரண்டு பெரிய மரங்களில் இழுத்துக் கட்டினோம். வேர்ப் பக்கம் மண் மூட்டை அடுக்கினோம். லெட்சுமணன் அன்றைக்கு மூன்று மணி நேரம் கைவாளால் அறுத்தான். இறங்கும்போது அவன் விரல்கள் நிமிரவில்லை. ஒன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது கரண்டைத் திரும்பக் கொடுக்கலாம் என்றேன். வேலை அறிக்கையில், மரம் வெட்டப்படவில்லை என்று எழுதி, முடிவு எடுத்தவர் என்கிற இடத்தில் என் பெயரையும் என் ஐசி எண்ணையும் பேனா தாளைக் கிழிக்கிற அளவு அழுத்தி எழுதினேன். வனவிலங்கு இலாகாவுக்கும் நானே போன் பண்ணினேன்.

வீரக்கதை என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதியே இல்லை. நம் ஊர் மழை உங்களுக்குத் தெரியும், மத்தியானம் மூன்று மணிக்கு மலைப் பக்கம் கறுத்தால் போதும். நான் எங்கே இருந்தாலும் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த மரத்துக்குப் போய்விடுவேன். கம்பிக் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பேன், இழுவை இருக்கிறதா என்று. பேசாமல் அந்த மரத்தையே கட்டிக்கொள்ளுங்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

அதைவிடப் பெரிய பயம் ஆண் பறவை. மரம் வெட்டும் இரைச்சலில் மிரண்டு போயிருந்தது. அன்று மாலை வரவில்லை. மறுநாள் காலையும் வரவில்லை. உள்ளே இருப்பது வெளியே வரவும் முடியாது, பறக்கவும் முடியாது. நானும் லெட்சுமணனும் செம்பனை நிழலில் உட்கார்ந்திருந்தோம். நான் எழுவதும் உட்காருவதுமாக இருந்தேன். சும்மா உக்காருங்க அண்ணே, நீங்க ஆடுறத பாத்தே அது வராது என்று ஒரு தடவை அதட்டினான். மத்தியானம் தாண்டி அந்த இறக்கைச் சத்தம் கேட்டது. வந்து பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து, எங்களையே வெகுநேரம் முறைத்துவிட்டு, கீறலுக்குத் தாவிப் பழத்தைக் கொடுத்தது. லெட்சுமணன் அழுதான். நானும்தான்.

ஆறு வாரம் தாங்கியது அந்தக் கயிறு. தாய் முதலில் வெளியே வந்தது. குஞ்சு மட்டும் உள்ளே இருந்து மறுபடியும் வாயைப் பூசிக்கொண்டது. கடைசியில் ஒரு காலையில், உள்ளேயிருந்து கொத்திக் கொத்தி அந்தப் பூச்சை உடைத்தது. அரை நாள் ஆயிற்று. தலையை நீட்டியது, உள்ளே இழுத்துக்கொண்டது, மறுபடி நீட்டியது. பிறகு விழுவது மாதிரி பறந்து போய் எதிர்மரத்தில் தொற்றிக்கொண்டது. தாயும் தகப்பனும் அதன் இரண்டு பக்கமும் உட்கார்ந்து கத்திய கத்தல் மலைக்கே கேட்டிருக்கும்.

லெட்சுமணன் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சொன்னான்.

"பொறந்துச்சு, பறந்துச்சு, நாட்டுப் பறவை ஆயிடுச்சு. இது யாருகிட்ட போயி பாரம் எழுதிக் குடுத்துச்சு அண்ணே?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அன்றைக்கு நான் பொய் சொன்னேன், உன் மனு போனதற்கு நான் காரணமாக இருக்கலாம், என்னை மன்னித்துக்கொள் என்று. அதைச் சொல்லாமல், வா போலாம், பசிக்குது என்றேன்.

அந்த மரத்தைப் பிறகு நாங்களே வெட்டினோம். வேர் போன மரம், விட்டு வைக்க முடியாது. பொந்து இருந்த துண்டை மட்டும் வனவிலங்கு இலாகா எடுத்துப் போய்க் காட்டுக்குள் வேறொரு மரத்தில் கட்டித் தொங்கவிட்டது. பல வருஷம் காலியாகவே கிடந்தது. லெட்சுமணன் மாசம் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பான். இந்த வருஷம் ஒரு ஜோடி வந்து மூக்கை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டுப் போனதாக எனக்குப் போன் பண்ணிச் சொன்னான். அந்த அறிக்கைக்குப் பிறகு வேலையில் என்னை வெளியிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள், ஓய்வு பெறும்வரை கையுறை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. அவனுடைய அந்த மனுவுக்குப் பல வருஷம் பதிலே இல்லை. போன மாசம்தான் நேர்காணலுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

வந்துவிட்டான். எழுதுவதை நிறுத்திவிட்டு அவனோடு பேசினேன். இப்போது திரும்ப எழுதுகிறேன். அவசரமாக எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், சூப்பர்வைசர் தம்பி பொறுத்துக்கொள்ளுங்கள்.

நன்றாகத்தான் நடந்ததாம். உள்ளே இருந்தது ஓர் அம்மா, மரியாதையாகப் பேசினாராம். ருக்குன் நெகாராவின் ஐந்து தேசியக் கோட்பாடுகளையும் தடங்கல் இல்லாமல் சொல்லியிருக்கிறான். தேசியப் பூ எது என்று கேட்டாராம், சொன்னானாம். தேசியப் பறவை எது என்று கேட்டாராம். இவன் பெயரைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டியதுதானே? அது எப்படிக் கூடு அடைக்கும், எப்படி ஊட்டும், குஞ்சு எப்படி உடைத்துக்கொண்டு வரும் என்று எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த மலாயில் கால் மணி நேரம் சொல்லியிருக்கிறான். உறையிலிருந்து ஐந்து வெள்ளி நோட்டை வேறு எடுத்துக் காட்டினானாம். அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாராம்.

பிறகு, உன் பெயரில் ஏதாவது கேஸ், எச்சரிக்கை இருந்ததா என்று கேட்டிருக்கிறார். இருந்தது, கூடு இருந்த மரத்தை ஒரு தடவை வெட்டிவிட்டேன் என்றானாம். பறவை இருந்தது தெரியுமா என்றாராம். தெரியும் என்றானாம். வெட்டச் சொன்னது யார் என்றாராம். யாரும் சொல்லவில்லை, நானேதான் வெட்டினேன் என்றானாம். அந்த அம்மா அதை எழுதிக்கொண்டாராம்.

ஏண்டா அப்படிச் சொன்னே, நான்தானே வெட்டச் சொன்னேன், உனக்குத் தெரியாதா என்று கேட்டேன். இருபது வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொல்கிறேன். அவன் என் ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரு மடக்குக் குடித்தான்.

"தெரியும் அண்ணே. உங்க பேர சொன்னா உங்கள உள்ள கூப்புடுவாங்க. காலையில இருந்து நீங்க ஒரு எடத்துல உக்காரல. உங்களுக்கு பிரஷர் இருக்கு லா."

இவ்வளவுதான் சொன்னான். பக்கத்தில் நின்று கேட்ட அந்தப் பொய்யை இவ்வளவு நாளும் அவன் மறக்கவில்லை. என் கூடவே லோரியில் வந்தான், நான் ஏறச் சொன்ன மரமெல்லாம் ஏறினான். அறுபத்திரண்டு வயதில், வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஓர் அறைக்குள் போய், என் ரத்த அழுத்தத்துக்காகப் பொய் சொல்லிவிட்டு வந்து நிற்கிறான்.

அவனுக்கு ரொட்டி சானாய் சொல்லி உட்கார வைத்திருக்கிறேன். எங்க போறீங்க என்கிறான். காகிதத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜை மேல் நீவி வைத்திருக்கிறேன். அந்த அம்மா இதைப் படித்துவிட்டு என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது. இது அவனுக்கு உதவுமா, இன்னும் சிக்கலாக்குமா என்றும் தெரியாது. என்னை என்ன செய்வார்கள் என்பதைப் பற்றி இப்போதைக்கு யோசிக்க நேரம் இல்லை.

இந்தக் கட்டுரையை மலரில் போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போட்டால் என் பெயரை அடியில் பெரிய எழுத்தில் போடுங்கள். கவுண்டர் நாலரைக்கு மூடுகிறது. இப்போது நாலு பத்து. நான் உள்ளே போகிறேன்.